தொழிலும் இசையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இந்த முத்தமிழ் விழாவில் இயலைப் பற்றிப் பேசப் புலவர்கள் வந்திருக்கிறார்கள். நாடகத்தை நம் இளைஞர்கள் சற்று நேரத்தில் நடித்தே காட்டப் போகிறார்கள். நடுவில் நிற்கும் இசையைப் பற்றிப் பேசுமாறு, பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு வந்த இரயில்வே குமாஸ்தாவாகிய என்னைப் பணித்திருக்கிறார்கள். இராகத்தையும் தாளத்தையும் ஆராய எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வேலையைப் பற்றிப் பேச உழைக்கிற எவனுக்கும் தகுதி உண்டு. ஆகவே, வேலை செய்யும்போது எந்த இசை துணை, எந்த இசை தொல்லை என்பதைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

தமிழன் பாடாமல் செய்த வேலை எது? சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையைப் படித்துப் பாருங்கள். உழவர் ஏர் பூட்டும்போது பாடிய ஏர்மங்கலமும், களத்தில் பாடிய முகவைப் பாட்டும் அங்கே பேசப்படுகின்றன. அதே காப்பியத்தின் வாழ்த்துக் காதையில், உலக்கை பிடித்த மகளிரின் வள்ளைப் பாட்டு வருகிறது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் இந்தத் தங்க வயலுக்குப் பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோர், நடவுப் பாட்டையும் ஏற்றப் பாட்டையும் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா?

ஏற்றப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்பது பழமொழி. ஏற்றக்காரன் பாடி நிறுத்திய அடிக்கு அடுத்த அடி என்னவோ என்று கம்பர் இரவெல்லாம் எண்ணி, மறுநாள் மீண்டும் வந்து நின்று கேட்டார் என்று ஒரு கதை உண்டு. அந்தப் பாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. மிதிக்கும் காலையும் சாய்க்கும் கையையும் அது ஒன்று சேர்த்தது. இத்தனை சால் இறைத்தாயிற்று என்று எண்ணிக்கையும் சொன்னது. பாட்டே அங்குக் கணக்குப்பிள்ளை!

எங்கள் இருப்புப் பாதையிலும் இதைக் காணலாம். கேங்மேன்கள் கடப்பாரை போட்டுத் தண்டவாளத்தை நகர்த்தும்போது ஒருவர் குரல் கொடுப்பார். மற்றவர்கள் பதில் குரல் கொடுத்து ஒருசேர நெம்புவார்கள். தனித்தனியே நெம்பினால் அசையாத இரும்பு, ஒரே குரலுக்கு அசைந்து கொடுக்கிறது.

இந்த உண்மையை மேல்நாட்டார் தொழிற்சாலைக்குள் கொண்டு சென்றனர். இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பி.பி.சி. வானொலி தொழிலாளர்களுக்காக 'மியூசிக் வைல் யூ வொர்க்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் இசை ஒலிக்கும். சோர்வு தரும் மெதுவான மெட்டுகள் விலக்கப்பட்டன. கைதட்டலோடு கூடிய ஒரு புகழ் பெற்ற பாட்டும் விலக்கப்பட்டது. கைதட்டும் இடத்தில் தொழிலாளர்கள் கையிலிருக்கும் கருவியால் இயந்திரத்தைத் தட்டிவிடுவார்கள் என்ற அச்சமே காரணம்! 1967 வரை அந்நிகழ்ச்சி நடந்தது. அதை நடத்தியவர்கள் நாள் முழுவதும் இசையைக் கொட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். உப்பைப் போல் அளவோடுதான் இட்டார்கள்.

கைக்கு இசை துணை என்பதில் ஐயமில்லை. தலைக்கு?

இங்கேதான் நம் வீட்டுச் சிக்கல் வருகிறது. மகன் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிறான்; காதிலே திரைப்படப் பாட்டு. "பாட்டு இருந்தால்தான் அப்பா மனம் ஒன்றுகிறது" என்கிறான். மாலையில் நான் பணம் எண்ணி அன்றைய கணக்கைக் கூட்டும்போது பக்கத்து அறையில் பாட்டு ஒலித்தால், என் உதடு பாட்டின் சொல்லை முணுமுணுக்க முற்படுகிறது. எழுபத்தெட்டு என்ற எண்ணும் பாட்டின் சொல்லும் ஒரே வாசலில் நுழையப் போட்டியிடுகின்றன. நாம் படிக்கும் சொல்லையும் நினைவில் வைக்கும் எண்ணையும் உள்ளுக்குள் ஒலித்துப் பார்த்தே பிடித்துக்கொள்கிறோம் அல்லவா? அந்த இடத்தில் இன்னொருவர் சொல் புகுந்தால் நம் சொல் நழுவுகிறது. சலாமே, பேட்லி என்ற இரு உளவியலார், எண் வரிசைகளை நினைவில் வைக்கச் சொல்லி இதை ஆராய்ந்து 1989 இல் வெளியிட்டனர். சொல்லோடு கூடிய பாட்டு, கருவி இசையைவிட நினைவை மிகுதியாகக் குலைத்தது என்று கண்டனர்.

"மொசார்ட்டின் இசையைக் கேட்டால் அறிவு வளரும் என்கிறார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். 1993 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியிலிருந்து பரவிய பேச்சு அது. அந்த ஆராய்ச்சி கண்ட நன்மை கால்மணி நேரம்கூட நிலைக்கவில்லை. பிடித்த கதையைக் கேட்டவர்களுக்கும் அதே நன்மை கிட்டியதைப் பின்வந்த ஆராய்ச்சி காட்டியது. உள்ளம் மகிழ்ந்தால் ஊக்கம் பிறக்கும், அவ்வளவே.

அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? பாட்டைப் பகைக்க வேண்டாம். படிக்க உட்காருமுன் பிடித்த பாட்டு ஒன்றைக் கேட்கட்டும்; பிறகு நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் திறக்கட்டும். லைன் வீட்டில் ஒரு சுவருக்கு அப்பால் தொலைக்காட்சி, மறு சுவருக்கு அப்பால் சண்டை என்றிருக்கும்போது, அந்த இரைச்சலை மறைக்க மெல்லிய கருவி இசை உதவும். புல்லாங்குழல், வீணை, அல்லது இளையராஜா 1986 இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' போன்ற கருவி இசைத் தொகுப்பு எதுவாயினும் சரி. ஆனால் மனப்பாடமான திரைப்பாட்டை வயலினில் வாசித்ததாக இருத்தல் ஆகாது. வயலின் வாசிக்கும், நம் மனம் சொற்களைப் பாடிவிடும்! படம் வரையவும், குறிப்பேட்டுக்கு அட்டை போடவும் எந்தப் பாட்டையும் கேட்கலாம். பெற்றோரும் தேர்வுக் காலத்தில் இரண்டு மணி நேரம் தொலைக்காட்சியை அணைத்து வைக்கலாமே! ஒற்றை அறையில் வாழும் குடும்பம் பிள்ளைக்குக் கட்டித் தரக்கூடிய தனியறை அந்த அமைதிதான்.

மூன்றாவது வகை வேலை ஒன்று உண்டு. அங்கே காதே கருவி, காதே காவல். இதை இவ்வூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. கீழே இறங்கிய நம் தந்தையரும் பாட்டன்மாரும் பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் உறுதி; பொத்தென்று ஒலித்தால் ஒதுங்க வேண்டும். கூண்டு ஏறுவதும் இறங்குவதும் மணி ஒலியின் கணக்கில் நடந்தது. அங்கே ஒலியைப் பிரித்தறிந்த காது, பல வீடுகளில் விளக்கு அணையாமல் காத்தது.

2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஊரிகத்திலும் கோரமண்டலிலும் இரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். வண்டிக்குள் அமர்ந்தபின் பாட்டுக் கேளுங்கள், தம்பிமார்களே! களைத்த உடலுக்கு அது மருந்து. ஆனால் இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டு தண்டவாளத்தைக் கடக்காதீர்கள். பாதையில் வேலை செய்யும் கேங்மேன்கள்கூட, காவலுக்கு நிற்பவர் விசில் ஊதியதும் பாட்டை நிறுத்தி விலகி நிற்பார்கள். உங்களுக்கு விசில் ஊத யார் நிற்கிறார்? அத்துமீறித் தண்டவாளத்தில் நடந்தால் 1989 ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின்படி தண்டனை உண்டு. ஆனால் நான் அஞ்சுவது அந்தத் தண்டனைக்கன்று. இருட்டிய பிறகு வாசலில் நின்று உங்கள் காலடி ஓசைக்குக் காத்திருக்கிறாளே ஒரு தாய், அவளை எண்ணித்தான் அஞ்சுகிறேன்.

சுருங்கக் கூறின், கை உழைக்கும்போது பாடுங்கள். தலை உழைக்கும்போது சொல்லில்லாத இசையோ அமைதியோ கொள்ளுங்கள். காது காவல் இருக்கும்போது எதையும் கேளாதிருங்கள். இடம் அறிந்து ஒலிக்கும் இசையே இன்னிசை.