தீட்டும் கிருமியும்

(மேற்கு மாம்பலத்தில் நடைபெற்ற பெண்கள் சுகாதாரக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேசப்போகும் சங்கதியைக் கூட்டத்தில் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். யோனியைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறவர்கள், தீட்டு என்று சொல்லிப் பெண்ணைத் திண்ணையில் உட்கார வைக்க மாத்திரம் வெட்கப்பட்டதேயில்லை. ஆகவே நானும் வெட்கப்படாமலே பேசுகிறேன்.

1892-ல் ஜெர்மனியில் டோடர்லைன் என்கிற டாக்டர், பெண்களின் யோனியில் இயற்கையாகவே குடியிருக்கும் ஒரு கிருமியைப் பற்றி எழுதினார். அது தயிரைப் புளிக்க வைக்கும் கிருமிக்கு உறவு. லாக்டோபாசில்லஸ் என்று பெயர். அது லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, மற்றக் கிருமிகள் பெருகவொட்டாமல் தடுக்கிறது. அசுத்தம் என்று பெரியவர்கள் ஒதுக்கிய இடத்தில் இருப்பது ஒரு காவற்படை!

அந்தப் படை குறைந்தால் என்ன ஆகும்? வேறு கிருமிகள் பெருகும்; நாற்றத்தோடு வெள்ளைப்படும்; சிலருக்கு ஒன்றுமே தெரியாது. உள்ளே அழற்சி உண்டாகி, எதிர்ப்பு அணுக்கள் அங்கே வந்து கூடும். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸ் பிடிப்பதோ அந்த அணுக்களைத்தான். திருடனைப் பிடிக்க வந்த சேவகனையே திருடன் பிடித்துக்கொள்ளுகிற கதை இது. தென்னாப்பிரிக்காவில் 236 இளம்பெண்களைக் கவனித்து 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பலவகைக் கிருமிகள் பெருகியிருந்தவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. லாக்டோபாசில்லஸ் கிறிஸ்பேட்டஸ் மிகுந்திருந்த பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை.

நிற்க, நம் பட்டணத்தில் நடந்ததைப் பாருங்கள். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும், விபசார வழக்கில் பிடிபட்டு மயிலாப்பூர் இல்லத்தில் அடைபட்டிருந்த பெண்கள் முதலானோரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் தெரிந்தது அப்போதுதான். பிறகு என்ன நடந்தது? தொற்றுள்ள பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் விடாமல் வைத்திருந்தார்கள். 1990-ல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே விட்டார்கள். அவர்களிடம் வந்துபோன ஆண்களோ அன்றன்றே வீடு போய்ச் சேர்ந்தார்கள்! வைரஸ் அந்தப் பெண்களிடம் தானாக முளைத்ததா? யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கிருமிக் கோளாறிலும் ஆணுக்குப் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் நடந்து 2025-ல் வெளியான ஆராய்ச்சியில், பெண்ணுக்கு மாத்திரம் மருந்து கொடுத்தபோது 12 வாரத்திற்குள் நூற்றுக்கு 63 பேருக்கு அது திரும்பவும் வந்தது. ஆணுக்கும் சேர்த்துக் கொடுத்தபோது 35 பேருக்குத்தான் வந்தது.

ஆகவே தாய்மார்களே, சோப்பும் கிருமிநாசினியும் போட்டு உள்ளே கழுவாதீர்கள்; காவற்காரனை நீங்களே விரட்டியதாகும். தயிர் என்று சொன்னேனே என்று தயிரையும் வைக்காதீர்கள். நாற்றமோ அரிப்போ கண்டால் மறைக்காமல் டாக்டரிடம் போங்கள். புருஷனையும் கூட அழைத்துப் போங்கள். ஆணுறை எச்.ஐ.வி.யைத் தடுக்கும், அதைக் கேட்பது மானக்கேடு அல்ல.

நான் சொன்னதற்காக எதையும் நம்ப வேண்டாம். டாக்டரைக் கேட்டு, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.