முறையீடும் 45 நாள்களும்



மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி ஒன்று தொங்கியது என்று இளமையில் கேட்டிருக்கிறோம். கன்றை இழந்த பசு அதனை அசைத்தது. அரசன் எழுந்து வந்தான். இன்றைய அரசு அலுவலகங்களிலும் அத்தகைய மணி ஒன்று உண்டு. மேல்முறையீடு என்பது அதன் பெயர். சோழனது மணியை எந்நாளிலும் அடிக்கலாம். இதனையோ குறித்த நாள்களுக்குள், உரிய வாயிலில் அடித்தாக வேண்டும். இதனை அறியாமையால், நியாயம் தம் பக்கம் இருந்தும் வழக்கிழப்போர் உளர். அவர்கள் பொருட்டே இன்று சில சொல்ல விழைகிறோம்.

திருவனந்தபுரத்தில் மத்திய அரசின் அலுவலகங்கள் பல. தலைமைக் கணக்காயர் அலுவலகம், கேரள அஞ்சல் வட்டத் தலைமையகம், ரயில்வே கோட்டம், தும்பா விண்வெளி நிலையம் ஆகிய இடங்களில் தமிழர் பலர் பணிபுரிகின்றனர். நாகர்கோவிலிலிருந்தும் குழித்துறையிலிருந்தும் நாள்தோறும் ரயிலேறி வருவோரும் உண்டு. சொந்த ஊரில் ஓர் ஆணை கைக்கு வந்தால், விவரம் அறிந்த உறவினரையோ பெரியவரையோ கேட்டுத் தெளியலாம். அயல் மாநிலத்தில் அது எளிதன்று. ஆகவே விதிகளை நாமே அறிந்திருத்தல் நலம்.

அரசுப்பணி குறித்த முறையீடு இந்நகருக்குப் புதிதன்று. 1896-ஆம் ஆண்டில் டாக்டர் பல்பு முன்னின்று, ஈழவ மக்கள் 13,176 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாளுக்கு அளிக்கப்பட்டது. பள்ளிகளிலும் அரசுப்பணியிலும் இடம் வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. அந்நாளில் விண்ணப்பம் பயன் தருவதும் தராததும் மன்னரின் திருவுள்ளத்தைப் பொறுத்தன. இன்று அரசு ஊழியரின் மேல்முறையீடு அருளை நாடுவதன்று. சட்டம் தந்த உரிமை.

அவ்வுரிமையின் வேர் அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவில் உள்ளது. நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் ஒரு சிவில் ஊழியரைப் பணிநீக்கம் செய்ய இயலாது. சில விலக்குகள் தவிர, குற்றச்சாட்டைத் தெரிவித்து விசாரணை நடத்தாமலும் நீக்க இயலாது. மத்திய அரசு ஊழியர்க்கு இதன் விரிவு 1965-ஆம் ஆண்டின் சிவில் பணிகள் வகைப்பாடு, கட்டுப்பாடு, மேல்முறையீட்டு விதிகளில் காணப்படும். ரயில்வே ஊழியர்க்கு 1968-ஆம் ஆண்டின் தனி விதிகள் உள்ளன.

கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம், பதவி இறக்கம், பணிநீக்கம் ஆகிய தண்டனைகளை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். தற்காலிகப் பணிநீக்கத்தை எதிர்த்தும் செய்யலாம். இடமாற்ற ஆணை இவ்விதிகளின் மேல்முறையீட்டுப் பட்டியலில் இல்லை. அதற்குக் கோரிக்கை மனு அளிப்பதே வழி. ஆண்டுப் பணி மதிப்பீட்டில் குறை கண்டால், மதிப்பீடு கைக்கு வந்த 15 நாள்களுக்குள் எழுத வேண்டும். தண்டனை ஆணைக்கோ, அதன் படி நம் கையில் சேர்ந்த நாளிலிருந்து 45 நாள்கள் கெடு. தக்க காரணம் காட்டினால் காலம் கடந்த முறையீட்டையும் ஏற்கலாம் என்று விதி கூறினும், அதனை நம்பியிருத்தல் அறிவுடைமையன்று. ஆணை வந்த நாளைக் குறித்து வைப்பதே முதற் கடமை.

முறையீட்டை ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே தனித்து எழுத வேண்டும். மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்பி, ஆணையிட்ட அதிகாரிக்கும் ஒரு படி தர வேண்டும். செய்திகளும் வாதங்களும் முழுமையாக இருத்தல் வேண்டும். அவமதிப்பான சொல் ஒன்றேனும் இருத்தலாகாது. விசாரணை முறைப்படி நடந்ததா, முடிவுக்குச் சான்று உண்டா, தண்டனை குற்றத்திற்கு ஏற்றதா என்னும் மூன்றையே அதிகாரி ஆராய்வார். எனவே நாமும் இம்மூன்று தலைப்புகளில் எழுதுவதே பொருந்தும். தண்டனையைக் குறைக்கவும் நீக்கவும் அவர்க்கு அதிகாரம் உண்டு. நம் விளக்கத்தைக் கேட்டபின் கூட்டவும் உண்டு என்பதை மறத்தலாகாது.

மொழியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். குறை தீர்க்குமாறு வேண்டும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் எழுதலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு கூறுகிறது. எனினும், 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் ஊழியரின் மேல்முறையீட்டுக்கு இந்தியையும் ஆங்கிலத்தையும் குறிப்பிடுகின்றன. ஒழுங்கு நடவடிக்கை ஆணை இந்தியில் வந்து விளங்காவிடின், ஆங்கிலத்தில் தருமாறு கேட்கவும் அவ்விதிகளே இடந்தருகின்றன. கேட்டுப் பெறாமல் கையொப்பமிட்டு விட்டுப் பின் வருந்துவதில் பயனில்லை.

மொழிபெயர்ப்புப் பணியில் பழகிய நமக்கு இதில் ஒரு கவலை உண்டு. பெரியோர்க்கு எழுதும்போது, "மன்னித்தருள வேண்டும்" என்று முடிப்பது நம்மவரின் பண்பாடு. தமிழில் அது பணிவு. அதனை அப்படியே ஆங்கிலமாக்கிக் கோப்பில் வைத்தால், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே படிக்கப்படும். ஆதலின் நடந்தவற்றை நாள்வாரியாகத் தமிழிலேயே முதலில் எழுதிப் பார்த்து, உபசாரச் சொற்களைக் களைந்து, எஞ்சிய செய்தியை மட்டும் ஆங்கிலமாக்குதல் நன்று. விசாரணையின்போது சக ஊழியர் ஒருவரைத் துணைக்கு அமர்த்திக் கொள்ளவும் விதி உண்டு. தமிழும் விதியும் அறிந்தவரைத் தேர்ந்து கொள்க.

மேல்முறையீட்டிலும் தீராவிடின் அடுத்த வாயில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இதன் கேரளக் கிளை எறணாகுளத்தில் உள்ளது. மாநில அரசு ஊழியர்க்கெனத் திருவனந்தபுரத்தில் 2010-ஆம் ஆண்டில் கேரள நிர்வாகத் தீர்ப்பாயம் அமைந்தது. மத்தியத் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞரின்றித் தாமே வாதிடவும் இடமுண்டு. துறைக்குள் உள்ள வழிகளை முடித்த பின்னரே, பொதுவாக, அங்குச் செல்ல இயலும். இறுதி ஆணை வந்த ஓராண்டுக்குள் செல்ல வேண்டும். முறையீட்டுக்கு 6 மாதங்களாகியும் விடை வரவில்லையெனில், அதன்பின் ஓராண்டுக்குள் செல்லலாம். தீர்ப்பாயத்தின் முடிவை உயர்நீதிமன்றம் ஆராயலாம் என்று 1997-இல் உச்சநீதிமன்றம் சந்திரகுமார் வழக்கில் தீர்ப்பளித்தது.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். விடை வராதபோது மீண்டும் ஒரு மனு, பின்னர் ஒரு நினைவூட்டல், மேலும் ஒரு நினைவூட்டல் என்று எழுதிக்கொண்டே இருக்கின்றனர். எழுதும்வரை வழக்கு உயிரோடிருப்பதாக எண்ணம். சட்டம் அவ்வாறு கருதவில்லை. விதியில் இல்லாத மனுக்களைத் திரும்பத் திரும்ப அனுப்புவதால் காலக்கெடு நீளாது என்று எஸ். எஸ். ரத்தோர் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் 1989-ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டனர். பத்து நினைவூட்டல்கள் தராத பயனை, உரிய நாளில் அளித்த ஒரு முறையீடு தரும்.

ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவரின் வீட்டில் அடுப்பெரிவதும் பிள்ளைகளின் கல்வியும் அந்த ஓர் ஆணையில் தொங்குகின்றன. வெட்கத்தால் அதனை மறைத்து வைத்து நாளைப் போக்குவோரும் உண்டு. முறையிடுவது மானக்கேடன்று, மேலதிகாரிக்குப் பகையாவதும் அன்று. செய்த முடிவை மறுபடி பார்க்குமாறு அவர் வகுத்த விதியின் வழியே அவரைக் கேட்பதாகும். ஆணை கைக்கு வந்தால் அன்றே தேதியைக் குறியுங்கள். விவரம் அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். 45 நாள்களுக்குள் எழுதுங்கள். எழுதியதற்கு ஒப்புகை பெற்று வையுங்கள். உங்கள் அலுவலகத்தில் யாரேனும் அத்தகைய காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு மௌனமாயிருப்பின், அவர் அருகே சென்று இன்று எத்தனையாவது நாள் என்று கேளுங்கள்.