வேகம், தொலைவு, காலம்
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் பள்ளிக் கணக்கு எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். பிள்ளைகள் பலர் அறிவியலைக் கண்டு அஞ்சத் தொடங்கும் இடம் இதுவாதலின், இதனையே பேச விழைந்தேன்.

வேகம் என்பது ஓர் அலகு காலத்தில் கடக்கும் தொலைவு. இப்பொருளை உணர்ந்தவர் மூன்று வாய்பாடுகளை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. மணிக்கு 12 கிலோமீட்டர் செல்பவர் 3 மணி நேரத்தில் 36 கிலோமீட்டர் செல்வார், இது பெருக்கல். 36 கிலோமீட்டர் செல்ல எவ்வளவு நேரம் என்பது வகுத்தல். அலகு மாற்றமும் அவ்வாறே. 1 கிலோமீட்டர் 1,000 மீட்டர். 1 மணி நேரம் 3,600 வினாடி. ஆகவே மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 10 மீட்டர். 5/18 ஆல் பெருக்குக என்னும் விதி இதிலிருந்து பிறந்ததே.

இனிச் சற்றுக் கடினமான வினா. ஒரு மாணவி 6 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கு மிதிவண்டியில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறாள். மாலையில் சங்கிலி அறுந்துவிட, வண்டியைத் தள்ளிக்கொண்டு மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் அதே வழியில் திரும்புகிறாள். சராசரி வேகம் என்ன? பலர் 12ஐயும் 4ஐயும் கூட்டிப் பாதியாக்கி 8 என்பர். அது தவறு. செல்ல அரை மணி நேரம். திரும்ப ஒன்றரை மணி நேரம். மொத்தத் தொலைவு 12 கிலோமீட்டர். மொத்தக் காலம் 2 மணி நேரம். சராசரி வேகம் மணிக்கு 6 கிலோமீட்டரே. மெதுவாக நடந்த காலம் மும்மடங்காதலின் சராசரி அப்பக்கம் சாய்கின்றது.

கற்றோர் நிறைந்த இல்லத்தில் இப்பிழையைத் தந்தையோ தமக்கையோ திருத்திவிடுவர். முதன்முதலாகப் பள்ளி சென்ற பிள்ளைக்கு அத்துணை இல்லை. வகுப்பில் கேட்கக் கூசினால் பிழை அப்படியே தங்கிவிடும். "நமக்குக் கணக்கு வராது" என்னும் பொய்யும் உடன் குடியேறும்.

அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, ஆசிரியர் ஒருநாள் அவரைக் கரும்பலகையில் கணக்குப் போட அழைத்தார். பலகையின் பின்னே வைத்திருந்த தம் உணவுப் பாத்திரங்கள் தீட்டுப்படும் என்று சாதி இந்து மாணவர்கள் ஓடிச்சென்று அவற்றை அகற்றினர் என அவர்தம் வரலாறு கூறுகின்றது. அவரோ 1907-இல் மெட்ரிக்குலேஷன் தேர்வில் வென்றார். கரும்பலகை நமக்கு எளிதில் கிட்டியதன்று.

ஆதலால், கல்லூரியில் பயிலும் இளைஞர்களே, மாலை வேளையில் நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுங்கள். விடையைக் கூறிவிடாது, சுண்ணக்கட்டியைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "ஏன் 8 ஆகாது?" என்று கேளுங்கள். மாணவச் செல்வங்களே, விளங்காதவிடத்து எழுந்து நின்று வினவுங்கள். வினவுதல் உங்கள் உரிமை.