புள்ளி குறைந்த பிள்ளையும் மருத்துவக் கல்லூரி வாசலும்

(கிளைக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் "மருத்துவப் படிப்பு" என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சில தோழர்கள், "சம்பள விஷயம் அப்படியே கிடக்க, டாக்டர் படிப்பைப் பற்றிச் சங்கத்தில் என்ன பேச்சு?" என்று கேட்டார்கள். கேட்டது நியாயந்தான். ஆனால் தோழர்களே, நாங்கள் பேச வந்திருப்பதும் சம்பள விஷயமே. முப்பது ஆண்டு விடியற்காலையில் எழுந்து, நிரை நிரையாக நடந்து, மழையிலும் கொசுக்கடியிலும் சேர்த்த சேமநிதிப் பணம் ஒரே கையெழுத்தில் போய்விடும் கதை அது.

மூன்று மாதங்களுக்கு முன்பு நம் தோழர் ஒருவர் சங்க அலுவலகத்திற்கு வந்தார். பெயர் வேண்டாம். கையில் ஓர் உறை. "செயலாளர் தம்பி, இதுல கையெழுத்துப் போடணுமாம். படிச்சுப் பாத்து எந்த எடத்துலன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். பிரித்துப் பார்த்தோம். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றில் அவருடைய மகளுக்கு இடம் பிடித்துத் தருவதாக ஏஜெண்டு ஒருவர் கொடுத்த தாள். முன்பணம் 25,000 வெள்ளி. "புள்ளி பார்க்கப்படமாட்டாது" என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில், பணம் எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படமாட்டாது என்று பொடி எழுத்தில் இருந்தது.

மகளுக்கு வயது 24. எஸ்.டி.பி.எம். தேர்வில் சுமாரான புள்ளி. அதைக்கொண்டு உயிரியல் தொழில்நுட்பம் படித்து, 2.41 என்ற சி.ஜி.பி.ஏ.யுடன் பட்டம் பெற்று, ஒரு தனியார் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். சிறு வயது முதல் டாக்டர் ஆசை. அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. லயத்தில் வளர்ந்த எவருக்கும் அது தெரியும். பெரிய டாக்டர் எப்போதோ ஒருமுறை வந்து போவார். மற்ற நாளெல்லாம் டிரெஸர் கொடுக்கும் சிவப்புத் தண்ணி மருந்துதான் காய்ச்சலுக்கும், வயிற்று வலிக்கும், பிரசவ வலிக்கும். அந்தத் திண்ணையில் காத்திருந்த பிள்ளைக்கு வேறு என்ன ஆசை வரும்?

இனி அந்த 2.41 எப்படி வந்தது என்று பார்ப்போம். பிள்ளை மக்கு என்று முடிவு கட்டுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளியில் மலாயில் படித்து, பல்கலைக்கழகத்திற்குப் போனதும் புத்தகமெல்லாம் ஆங்கிலம். பகலில் விரிவுரை, இரவில் உணவகத்தில் வேலை. முதல் ஆண்டு சறுக்கியது. பிறகு நிமிர்ந்தாள், ஆனால் சராசரி நிமிரவில்லை. சராசரியின் குணம் அது. மொத்தம் 120 கிரெடிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 60 கிரெடிட்டில் ஒரு பிள்ளை 2.2 எடுத்துவிட்டால், மீதி 60 கிரெடிட்டிலும் உயிரைக் கொடுத்துப் படித்து 3.6 எடுத்தாலும் முடிவில் வருவது 2.9தான். முதல் ஆண்டில் பட்ட காயம் கடைசி நாள் வரை கூடவே வரும். கிராணிமார்கள் வீட்டுக்குப் போய் இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். முதல் பருவத்திலேயே காட்டுங்கள்.

மரம் வெட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. உளி ஆழமாகப் பாய்ந்து மரத்தைக் காயப்படுத்திவிட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். அதே இடத்தில் மறுபடி உளி வைத்தால் பால் ஒழுங்காக ஓடாது. மறுபக்கப் பட்டையில் புதிதாகக் கோடு போட்டுத் தொடங்குவோம். அந்தப் பெண்ணுக்கும் மறுபக்கப் பட்டை இருக்கிறதா என்றுதான் நாங்கள் தேடினோம்.

சட்டத்தைப் புரட்டினோம். 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. எந்தெந்தப் பல்கலைக்கழகத்துப் பட்டத்தை இந்நாட்டு மருத்துவ மன்றம் ஏற்றுக்கொள்ளும் என்ற பட்டியல் அது. அதில் இல்லாத இடத்தில் படித்து வந்தவர் தனியாக ஒரு தகுதித் தேர்வு எழுதித் தேறினால்தான் டாக்டராகப் பதிவு பெறலாம். ஏஜெண்டு தாளில் இருந்த பெயரை அந்தப் பட்டியலில் தேடினோம். இல்லை. எழுத்து மாறியிருக்குமோ என்று மறுபடியும் தேடினோம். அப்போதும் இல்லை.

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. நுழையும்போதே பிள்ளைக்குக் குறைந்தபட்சத் தகுதி இருக்கவேண்டும் என்று மருத்துவ மன்றம் விதித்திருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம், இன்னும் ஒரு பாடம் ஆகிய ஐந்திலும் குறைந்தது பி வேண்டும். அதற்கு மேல் எஸ்.டி.பி.எம். வழியாக வருபவருக்கு அறிவியல் பாடங்களில் பி தரம் வேண்டும். பட்டதாரியாக வருபவருக்கும் சி.ஜி.பி.ஏ. வரம்பு உண்டு. "புள்ளி பார்க்கப்படமாட்டாது" என்று ஏஜெண்டு சொன்னது ஒரு வகையில் உண்மைதான். அங்கே பார்க்கமாட்டார்கள். ஆறு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து பதிவுக்கு நிற்கும்போது இங்கே பார்ப்பார்கள்.

மூத்த தோழர்களுக்கு 2005ஆம் ஆண்டு நினைவிருக்கும். அப்போது உக்ரேன் நாட்டிலிருந்த கிரிமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை நம் அரசாங்கம் விலக்கிக்கொள்ள முடிவு செய்தது. அங்கே படித்த மலேசிய மாணவர்களில் நம் இந்தியப் பிள்ளைகள் ஏராளம். வீடுகளில் எத்தனை கலக்கம்! பட்டியலில் இருந்த இடத்துக்கே அந்தக் கதி என்றால், பட்டியலிலேயே இல்லாத இடத்தை நம்பிச் சேமநிதியை எடுப்பது எப்படி?

சேமநிதி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். 2024 மே மாதம் முதல் நம் சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓய்வுக்காலக் கணக்கில் நூற்றுக்கு 75 பங்கு, நல்வாழ்வுக் கணக்கில் 15, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கில் 10. பிள்ளையின் கல்விக்கென்று எடுக்க வழி உண்டு. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த வழி நமக்குத் தெரிவதற்கு முன்பே ஏஜெண்டுக்குத் தெரிந்துவிடுகிறது. நம் தோழரிடம் எந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கும் என்று அவருக்கே தெரியாத விவரத்தை அந்த மனிதர் விரல் விட்டுச் சொல்லியிருக்கிறார்!

தொகை எவ்வளவு என்பதையும் நினைத்துப் பாருங்கள். தனியார் மருத்துவக் கல்லூரிக் கட்டணம் மூன்று லட்சம் வெள்ளி, நான்கு லட்சம் வெள்ளி என்று போகிறது. மூன்றரை லட்சம் என்று வைப்போம். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதன்படி ஆண்டுக்கு 20,400 வெள்ளி. ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் மூன்றரை லட்சத்துக்குப் பதினேழு ஆண்டு ஆகும். இவ்வளவுக்கும் முதல் பட்டத்துக்கு வாங்கிய பி.டி.பி.டி.என். கடன் அந்தப் பெண்ணின் பெயரில் இன்னும் நிற்கிறது.

தகப்பனையும் மகளையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினோம். "முடியாதுன்னு சொல்லத்தான் கூப்பிட்டீங்களா?" என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்வி எங்களுக்கு உறைத்தது. இல்லை என்றோம். அவளுடைய எஸ்.பி.எம். தாளில் ஐந்து பாடத்திலும் பி குறையாமல் இருக்கிறது. ஆகவே அடிப்படை கெடவில்லை. கெட்டது எஸ்.டி.பி.எம். தேர்வும் பட்டமும். பட்டத்தை மாற்ற முடியாது. எஸ்.டி.பி.எம். தேர்வை மாற்றலாம்; தனியார் மாணவராகப் பதிந்து மறுபடியும் எழுதலாம். மூன்று பருவம், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. தேர்வுக் கட்டணம் ஏஜெண்டு கேட்ட முன்பணத்தில் ஒரு சிறு துளிதான். இந்த முறை வேதியியலிலும் உயிரியலிலும் அவள் நல்ல தரம் எடுத்தால், முதல் பட்டத்தில் சறுக்கியவள் இப்போது மாறிவிட்டாள் என்பதற்கு அதைவிடச் சான்று வேறென்ன? எடுக்காவிட்டால், மூன்றரை லட்சம் போவதற்கு முன்பே அது தெரிந்துவிடும்.

பழைய பட்டத்தை விண்ணப்பத்தில் மறைத்துவிடலாம் என்று ஏஜெண்டு யோசனை சொல்லியிருந்தாராம். கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னோம். 2.41 என்று எழுதி, ஏன் விழுந்தது, பிறகு என்ன செய்தேன் என்று நேர்முகத்தில் சொல்ல அவளால் முடியவேண்டும்.

வயதுக் கணக்கையும் ஒளிக்கவில்லை. தேர்வு முடியும்போது 25, 26. மருத்துவப் படிப்பு ஐந்து ஆண்டு. பயிற்சி டாக்டராக இரண்டு ஆண்டு. எல்லாம் ஒழுங்காக நடந்தால் 33 வயதாகும். அதன் பிறகும் நிரந்தர வேலை கைமேல் இல்லை. 2016 டிசம்பர் முதல் புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கத் தொடங்கினார்கள். 2021 ஜூலை 26ஆம் நாள் ஒப்பந்த டாக்டர்கள் கறுப்புடை அணிந்து மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றார்களே, தொழிற்சங்கக்காரர்களாகிய நமக்கு அந்தக் காட்சி புரியாமற் போகாது. மருத்துவ உதவியாளர், ஆய்வுக்கூடத் தொழில், இயன்முறைச் சிகிச்சை என்று நோயாளியின் அருகில் நிற்கும் வேறு வேலைகளும் உண்டென்று சொல்லிப் பார்த்தோம். கேட்டுக்கொண்டாள். மனம் அதில் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. வற்புறுத்த நாங்கள் யார்?

தகப்பன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒன்றரை வருசந்தானே தம்பி, படிக்கட்டும். நான் இன்னும் மரம் வெட்டுறேன்" என்றார். ஏஜெண்டு தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது எங்கள் மேசை அறையில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வந்து பார்க்கலாம்.

அந்தப் பெண் பதிந்துகொண்டாள். மருந்துக் கடை வேலையை அரை நாளாகக் குறைத்துக்கொண்டு, மாலையில் இந்த மண்டபத்தின் பின்னறையில் உட்கார்ந்து படிக்கிறாள். லயத்தில் சத்தம் அதிகமாம். ஆகவே மாலை ஏழு முதல் பத்து வரை பின்னறைப் பக்கம் கேரம் ஆடும் இளைஞர்கள் முன்வாசலுக்கு மாறிக்கொள்ளவேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. வீட்டில் இதேபோல் ஏஜெண்டு தாள் வைத்திருக்கும் தோழர்கள் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, பிள்ளையின் எஸ்.பி.எம். தாளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அட்டவணையில் பெயர் இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம். எதிலும் அதற்கு முன் கையெழுத்துப் போடவேண்டாம்.