வண்டிக்கும் ஒரு வரலாறு



வரலாறு என்றதும் நம் உள்ளத்தில் அரசரும் அரண்மனையும் போர்க்களமுமே தோன்றுகின்றன. விருத்தாசலத்துத் திருக்கோயிலின் கல்வெட்டுகளைப் படிப்பவர், இன்னார் இன்னதை அளித்தார் என்று அறிந்து மகிழ்கிறார். அம்முறையைக் கொண்டே ஒரு பழைய லாரியின் வரலாற்றையும் அறியலாம் என்று நான் கூறினால் நீங்கள் நகைக்கக்கூடும். நகைத்த பின் சற்றுச் செவி சாய்க்க வேண்டுகிறேன்.

நான் பேச எடுத்துக்கொண்டது சாதாரணச் சுமை லாரியன்று. லாரியின் அடிச்சட்டத்தின்மேல் அறைபோன்ற கூண்டு கட்டி, உண்ணவும் உறங்கவும் வசதி செய்த வண்டி. மேல்நாடுகளில் இத்தகைய வண்டிகள் பெரும்பாலும் உல்லாசப் பயணத்திற்கு உதவுகின்றன. நம் நாட்டில் அவை வேறு பணிகளும் செய்தன. 1982ஆம் ஆண்டில் என். டி. ராமராவ் பழைய செவர்லே வேன் ஒன்றைத் திருத்தியமைத்து, 'சைதன்ய ரதம்' எனப் பெயரிட்டு, அதனையே வீடாகக் கொண்டு ஆந்திர மாநிலமெங்கும் சுற்றி வாக்குக் கேட்டதைப் பெரியோர் நினைவில் வைத்திருப்பர்.

இத்தகைய வண்டி ஒன்று முன்பு யார் யாரிடம் இருந்தது என்று அறிய மூன்று சாட்சிகள் உள்ளன. அவை இரும்பு, காகிதம், மனிதர்.

முதற் சாட்சி இரும்பு. பீங்கான் கோப்பையைக் கையிலெடுத்தவர் அதனைக் கவிழ்த்து அடியிலுள்ள முத்திரையைப் பார்ப்பதுபோல, வண்டியை ஆராய்பவர் முதலில் அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணைத் தேட வேண்டும். வண்ணம் மாறும், எஞ்சின் மாறும், கூண்டும் மாறும். நம் நாட்டில் லாரிகள் பலவும் ஆலையிலிருந்து வெறும் அடிச்சட்டமாகவே வந்து, நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களில் 'பாடி' கட்டிக்கொண்டன. ஆகவே ஒரே வண்டிக்குப் பிறந்த ஊர் இரண்டு இருக்கலாம். இவற்றுள் எளிதில் மாறாதது அடிச்சட்டத்தின் எண்ணே.

இரண்டாம் சாட்சி காகிதம். 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், அதற்குப் பின் வந்த 1988ஆம் ஆண்டின் சட்டமும், வண்டி கைமாறினால் அதனைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தன. எனவே 'ஆர்.சி. புத்தகம்' என்று நாம் வழங்கும் பதிவுப் புத்தகம் ஒருவகையில் வண்டியின் வமிசாவளி ஆகும்.

மூன்றாம் சாட்சி மனிதர். ஓட்டியவரும், பழுது பார்த்தவரும், ஏறிச் சென்றவரும் சொல்லும் செய்திகளுக்கு உயிருண்டு. ஆயினும் நினைவு ஆண்டுகளைக் குழப்பும். விருப்பம் நிகழ்ச்சிகளைப் பெருக்கும். ஆதலால் இம்மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே முடிவு கூற வேண்டும்.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1955ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளில், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த அறுவர் லண்டனிலிருந்து இரண்டு லாண்ட்ரோவர் வண்டிகளில் புறப்பட்டனர். கருநீல வண்டிக்கு 'ஆக்ஸ்போர்டு' என்றும் இளநீல வண்டிக்கு 'கேம்பிரிட்ஜ்' என்றும் பெயர். இந்தியாவையும் பர்மாவையும் கடந்து, 1956ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் சிங்கப்பூரை அடைந்தனர். குழுவில் ஒருவரான டிம் ஸ்லெஸ்ஸர் பின்னர் அப்பயணத்தை நூலாக எழுதிப் புகழ் பெற்றார்.

வண்டிகளின் கதை அங்கு முடியவில்லை. 'கேம்பிரிட்ஜ்' பின்னொரு பயணத்தில் மேற்காசிய மலைப்பாதையொன்றில் விழுந்து அழிந்தது. 'ஆக்ஸ்போர்டு' பறவை ஆராய்ச்சிக் குழுவினருடன் அட்லாண்டிக் கடலிலுள்ள அசென்ஷன் தீவுக்குச் சென்றது. பின்னர் நெப்போலியன் சிறையிருந்து மாண்ட செயின்ட் ஹெலினா தீவை அடைந்தது. அங்கே பல்லாண்டுகள் மறைந்து கிடந்தது. எஸ்.என்.எக்ஸ். 891 என்னும் பதிவெண்ணை நினைவிற் கொண்ட ஆர்வலர்கள் அதனைத் தேடிக் கண்டு, இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து செப்பனிட்டனர். 2019ஆம் ஆண்டில் அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் தரைவழியே திரும்பிச் சென்றது. முதுமையில் நோயுற்ற ஸ்லெஸ்ஸருக்கு மாற்றாக அவருடைய பேரன் அதில் பயணம் செய்தான். பதிவெண்ணைக் குறித்து வைத்தவர் இல்லையேல், அத்தீவில் கிடந்தது துருவேறிய தகரம் என்றே எண்ணப்பட்டிருக்கும் அல்லவா?

இனி நம்மூர்ச் செய்திக்கு வருகிறேன். நல்லூரில் என்னிடம் பயின்ற ஒருவர், காயலான் கடையில் கூண்டு கட்டிய பழைய லாரி ஒன்றைக் கண்டு விலை பேசினார். "இது 1942இல் யுத்தத்தில் ஓடிய வண்டி, பிறகு ஒரு ஜமீன்தார் வேட்டைக்கு வைத்திருந்தார்" என்று கூறித் தரகர் பெருந்தொகை கேட்டார். மாணவர் என்னையும் உடன் அழைத்துச் சென்றார்.

வண்டியின் முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. டாட்டா நிறுவனம் ஜெர்மானிய மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்துடன் கூடி ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது 1954ஆம் ஆண்டில். அவ்வுறவு முடிந்தது 1969இல். சின்னத்தைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டவும் கூடுமாதலால், அழுக்கைச் சுரண்டித் தகட்டைப் படித்தோம். அங்கும் ஜாம்ஷெட்பூர் என்றே இருந்தது. பிறவாத வண்டி யுத்தத்துக்குப் போவது எங்ஙனம்?

பதிவுப் புத்தகத்தில் ஜமீன்தார் எவரும் இல்லை. அரிசி ஆலை முதலாளி ஒருவரும், அவருக்குப் பின் சாலை ஒப்பந்தக்காரர் ஒருவரும் இருந்தனர். ஒப்பந்தக்காரரிடம் ஓட்டுநராக இருந்த முதியவரைத் தேடிச் சென்றோம். "ஐயா, அந்தக் கூண்டை நாங்கள்தான் கட்டினோம். சாலை போடும் இடத்தில் மழைக்கு ஒதுங்க இடம் ஏது? எட்டுப் பேர் படுப்போம்; மேஸ்திரியும் எங்களோடுதான் படுப்பார்" என்றார். மீண்டும் சென்று உட்புறம் பார்த்தோம். இருபக்கமும் பலகை மாட்டிய கொக்கிகள் நான்கு நான்காக இருந்தன. எண்ணிக்கை பொருந்திற்று.

மாணவர் வண்டியை அதற்குரிய விலைக்கு வாங்கினார். "ஜமீன்தார் வண்டி என்றே சொல்லிக்கொண்டால் பார்ப்பவர் வியப்பரே, தம்பி?" என்று அவரைச் சோதித்தேன். "வியப்பார்கள் ஐயா, ஆனால் அந்த எட்டுப் பேரும் மறைந்துபோவார்களே" என்றார். ஒரு வரலாற்றாசிரியர் அறிய வேண்டிய நெறி அவ்விடையில் அடங்கியிருக்கிறது. பொய்ப் பெருமை சேர்ப்பதால் வரும் பெருந்தீங்கு, அது உண்மையாக உழைத்தவரின் இடத்தைப் பறித்துக்கொள்வதே.

2021ஆம் ஆண்டில் நடுவண் அரசு, 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்யத் தனி விதிகள் வகுத்தது. இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு உரிய அவ்விதிகள், மூல அமைப்புப் பெரிதும் மாறாதிருக்க வேண்டும் என்கின்றன. கூண்டு மாற்றிக் கட்டிய உழைப்பாளி வண்டிகளுக்கு அப்பேறு கிட்டுதல் அரிது. அவற்றின் வரலாற்றை அறிந்தவர்தாம் எழுதிக் காக்க வேண்டும்.

ஆகவே நண்பர்களே, உங்களுக்கு ஒரு பணி தருகிறேன். உங்கள் வீட்டில் பழைய சைக்கிளோ, தையல் இயந்திரமோ, நீர் இறைக்கும் எஞ்சினோ இருக்கும். அதில் பொறித்த எண்ணை ஏட்டில் எழுதுங்கள். வாங்கிய ரசீது இருந்தால் உடன் சேர்த்து வையுங்கள். அதனைப் பயன்படுத்திய பாட்டனாரையோ பாட்டியாரையோ அணுகிக் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே குறித்து, கேட்ட நாளையும் இடுங்கள். எண்ணும் ரசீதும் நாளையும் இருக்கும்; சொல்லும் வாய் என்றும் இராது. அப்பணியை இன்று மாலையே தொடங்குங்கள்.