இணைவதா, தனித்து நிற்பதா? திருவிதாங்கூர் தரும் பாடம்

(ஆரியங்கோட்டில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



ஓர் ஒன்றியத்தில் இருப்பதா, தனித்து நிற்பதா என்ற கேள்வி ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. 2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் மக்கள் வாக்களித்தனர். ஏறத்தாழ 52 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதை ஆதரித்தனர். அத்தகைய கேள்வி 1947-இல் இந்த நெய்யாற்றின்கரை மண்ணிலும் எழுந்தது. அன்று ஆரியங்கோடும் பாறசாலையும் களியக்காவிளையும் நாகர்கோவிலும் ஒரே சமஸ்தானத்தின் ஊர்கள். ஆனால் இங்கே வாக்குப்பெட்டி வைக்கப்படவில்லை. மன்னரின் பெயரால் திவானே முடிவெடுத்தார்.

பிரிட்டிஷார் வெளியேறும்போது சமஸ்தானங்கள் மீதான மகுடத்தின் மேலாதிக்கம் காலாவதியாகும் என்று அறிவிக்கப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று 1947 ஜூன் 11 அன்று திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் பிரகடனம் செய்தார். கடற்கரை உண்டு, மிளகும் கயிறும் உண்டு, மணவாளக்குறிச்சியிலும் சவறையிலும் மோனசைட் மணல் உண்டு என்பது அவர் தரப்பின் பலம். அந்த மணலில் உள்ள தோரியத்தின் மீது ஏகாதிபத்திய நாடுகள் கண் வைத்திருந்தன.

ஒரு சிறிய நாடு தனித்து வாழவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. எனவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தச் சுதந்திரம் யாருக்கு?

விடையை திவானே முன்கூட்டித் தந்திருந்தார். 1946-இல் அவர் முன்வைத்த 'அமெரிக்க மாதிரி' அரசியல் திட்டத்தில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது. ஆனால் அவர்கள் தேர்ந்தெடுக்கும் சபையால் திவானை அகற்ற முடியாது. வாக்கு மக்களுக்கு, அதிகாரம் அரண்மனைக்கு! இதை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையில் கயிற்றுத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் எழுந்தனர். 1946 அக்டோபரில் புன்னப்புராவிலும் வயலாரிலும் நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அந்தப் போராட்டத்துக்கு இந்தத் தாலுகாவிலும் வேர் உண்டு. பொறுப்பாட்சி கேட்ட மக்கள் மீது 1938 ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச்சூடு நடந்தது. வீரராகவன் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். 1947-இல் 'தனி நாடு' என்ற முழக்கம் செல்லுபடியாகாமல் போனதற்கு இந்த நீண்ட போராட்டமே அடிப்படை. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் கே.சி.எஸ். மணி திவானை வெட்டினார். அம்மாத இறுதியில் மன்னர் இணைப்புக்கு இசைந்தார். ஆனால் ஒரு தனிமனிதரின் வாள்வீச்சு மட்டுமே வரலாற்றை மாற்றியது என்று கருதுவது, பத்தாண்டுக் கால மக்கள் எழுச்சியை மறைப்பதாகும். திவான் ஆகஸ்டில் பதவி விலகினார். 1948 தொடக்கத்தில் வயது வந்தோர் வாக்குரிமையின்படி தேர்தல் நடந்தது.

இணைந்ததால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரியவர்கள் மீது, 1954 ஆகஸ்ட் 11 அன்று மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவையின் காலத்திலேயே துப்பாக்கிச்சூடு நடந்தது. ஆயினும் 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தில் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை குறித்த மனக்குறைகள் இருபுறமும் இருக்கலாம். ஆனால் ஆள்வோரைப் போராடிப் பணியவைக்கவும் தேர்தலில் மாற்றவும் மக்களுக்கு வழி பிறந்திருந்தது.

தோழர்களே, சமஸ்தானங்கள் கையெழுத்திட்ட இணைப்புப் பத்திரம் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு என்ற மூன்று துறைகளையே முதலில் ஒன்றியத்திடம் ஒப்படைத்தது. பின்னர் அரசியல் சாசனம் அதிகாரங்களைப் பட்டியலிட்டுப் பகிர்ந்தது. இன்று அந்தப் பகிர்வே சுருங்குகிறது. மாநிலங்களின் வரி விதிக்கும் உரிமையைச் சரக்கு-சேவை வரி பறித்தது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்கள் ஆளுநர் மாளிகைகளில் உறங்கின. 2019 ஆகஸ்ட் 5 அன்று ஜம்மு-காஷ்மீரின் சிறப்பு நிலை பறிக்கப்பட்டபோது அங்கே சட்டமன்றமே இல்லை. மக்களிடம் கேட்கப்படவும் இல்லை.

மக்களைக் கேளாமல் பிரிந்து நிற்க முயன்றார் திவான். மக்களைக் கேளாமலே அதிகாரங்களை மையத்தில் குவிக்கிறார்கள் இன்றைய ஆட்சியாளர்கள். இரண்டும் ஒரே எதேச்சதிகாரத்தின் இரு முகங்கள். ஒன்றியத்தைக் காப்பதும் மாநில உரிமையைக் காப்பதும் வெவ்வேறு பணிகள் அல்ல. இதை மலையாளத்திலும் தமிழிலும் வீடுவீடாக எடுத்துச் செல்வதே எல்லைப்புறக் கிளைகளின் கடமை.