எல்லாத் தட்டிலும் கை வைத்த வாசிப்பு

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் ராத்தா தொலைபேசியில் அழைத்து, “டொக்டர், கொஞ்ச நேரம் பேச வேண்டும். சீனி வருத்தம் பற்றிப் பேசினால் எல்லாருக்கும் பிரயோசனம்” என்றார். சீனி வருத்தம் பற்றிக் கிழமையில் ஐந்து நாளும் கிளினிக்கில் பேசுகிறேன். அங்கே கேட்காதவர்கள் இங்கேயும் கேட்கப் போவதில்லை. புத்தகம் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். என்ன புத்தகம் என்றார். விஞ்ஞானக் கதை, கடற்கொள்ளையர் வரலாறு, புதிது புதிதாய்த் தோன்றிய மதங்கள், உண்மையில் நடந்த கொலை வழக்குகள் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை.

நான் இங்கே படித்தது தொண்ணூறுகளில். யுத்த காலம். மின்சாரம் வந்தால் வந்ததுதான். ஊரடங்கு போட்டால் பாடசாலை இல்லை. வாசிகசாலையில் இரண்டு அலுமாரிகள். ஒன்றில் பாடநூல்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும். மற்றதில் முன்னைய மாணவியர் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டவை, எந்த ஒழுங்கும் இல்லாமல். அந்த இரண்டாவது அலுமாரியில்தான் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ கிடைத்தது. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்ததை யாரோ வாரா வாரம் கிழித்தெடுத்து பைண்ட் பண்ணியிருந்தார்கள். கடைசி அத்தியாயங்கள் இல்லை. இந்தியாவிலிருந்து புத்தகம் தருவிக்க வழியில்லாத காலம் என்பதால் முடிவை ஆளுக்கொரு விதமாக நாங்களே சொல்லிக்கொண்டோம். நாடே கும்பிடும் ஜீவா என்றொரு தலைவன், நிலா என்ற பெண், எந்நேரமும் எதையாவது வாசிக்கிற ஜீனோ என்ற இயந்திர நாய். பல வருடம் கழித்துக் கொழும்பில் முழுப் புத்தகம் கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, ஜீவா என்று ஒரு ஆளே கிடையாது. ஒளியால் ஆன வெறும் உருவம். அதை இயக்கியவர்கள் பின்னால் இருந்தார்கள்.

விஞ்ஞானக் கதை ஆண்பிள்ளைகளுக்குரியது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1905இல் சென்னையிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மகஸின்’ என்ற ஆங்கிலச் சஞ்சிகையில் ‘சுல்தானாவின் கனவு’ என்றொரு கதை வெளியானது. எழுதியவர் வங்காளத்து முஸ்லிம் பெண், ரொக்கையா. அந்தக் கதையின் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். பெண்கள் ஆட்சி செய்கிறார்கள். சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து தண்ணீர் இறக்குகிறார்கள், ஆகாயத்தில் பயணம் போகிறார்கள். படையெடுத்து வந்தவர்களைச் சூரிய வெப்பத்தைக் குவித்தே விரட்டிவிடுகிறார்கள். ரொக்கையா பள்ளிக்கூடம் போனவரல்ல. தமையனும் ராத்தாவும் வீட்டில் சொல்லிக் கொடுத்த எழுத்து அது. கணவர் மௌத்தான பின், 1911இல் கல்கத்தாவில் எட்டுப் பிள்ளைகளோடு ஒரு பெண்கள் பாடசாலையைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. கனவை முதலில் எழுதினார், பாடசாலையைப் பிறகு கட்டினார். அந்த ஒழுங்கை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

விஞ்ஞானக் கதையிலிருந்து கடலுக்குள் இறங்க எனக்கு வழி காட்டியவர் ஆதர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தவர். 1961இல் அவருடைய நண்பர் மைக் வில்சன், நமது கரையிலிருந்து தெற்கே கிரிந்தைக்கு அப்பால் உள்ள பெரிய பாசஸ் பாறைத் தொடரில் முக்குளித்தபோது ஒரு பழைய கப்பலின் சிதைவைக் கண்டார். பையில் கட்டியிருந்த வடிவிலேயே இறுகிப்போன வெள்ளி நாணயக் கட்டிகள் கிடைத்தன. ஔரங்கசீப்பின் பெயரில் சூரத் அக்கசாலையில் அடித்த ரூபாய்கள், ஹிஜ்ரி 1113. கிளார்க் அதைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதினார். யாருடைய வெள்ளி, எங்கே போய்க்கொண்டிருந்தது என்று கேட்டுக்கொண்டு போனால், சூரத் துறைமுகத்தின் இன்னொரு கப்பலில் வந்து நிற்போம்.

அந்தக் கப்பலின் பெயர் கஞ்சே சவாய். 1695 செப்டெம்பரில் ஹஜ்ஜை முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஹென்றி எவ்ரி என்ற ஆங்கிலக் கடற்கொள்ளையன் மறித்துப் பிடித்தான். பல நாட்கள் கொள்ளை. பெண்கள் மானத்துக்கு அஞ்சிக் கடலில் குதித்ததை முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதியிருக்கிறார். ஆனால் லண்டனில் எவ்ரி கதாநாயகன். அவனை வைத்து நாடகம் போட்டார்கள். அவன் கடைசிவரை அகப்படவில்லை. அகப்பட்ட ஆறு பேரை 1696இல் லண்டனில் விசாரித்தார்கள். ஹாஜிமார் கப்பலைக் கொள்ளையடித்த குற்றத்தில் ஜூரிமார் அவர்களை விடுதலை செய்தனர். அரசாங்கம் அதிர்ந்துபோய், ஆங்கிலேயருடைய கப்பலைக் களவெடுத்ததாக இரண்டாவது வழக்குப் போட்டது. அதற்குத்தான் தண்டனை கிடைத்தது. ஐந்து பேர் தூக்கில் தொங்கினர். இந்த இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்த இரவில் எனக்கு நித்திரை வரவில்லை.

அதற்கு மேலும் பின்னால் போகலாம். 1502இல் ஹஜ் பயணிகளின் கப்பலொன்றை, பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்க, எரித்தவர் வாஸ்கோ ட காமா. பாடப்புத்தகத்தில் அவர் நாடுகாண் பயணி. போர்த்துக்கேயரைக் கடலில் எதிர்த்த குஞ்ஞாலி மரைக்கார் அவர்களுடைய ஏடுகளில் கொள்ளையன். நாலாவது குஞ்ஞாலியை 1600இல் கோவாவில் வைத்துக் கொன்றார்கள். இன்று இந்தியக் கடற்படை மும்பையில் ஒரு தளத்துக்கு அவர்களுடைய பெயரை வைத்திருக்கிறது. பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்கார் இருக்கிற ஊர் நம்முடையது. 1626இல் போர்த்துக்கேயர் முஸ்லிம்களைத் துரத்தியபோது கண்டி மன்னன் செனரத் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று சொல்லப்படுகிறது. ஆகவே கொள்ளையன் என்ற பெயரை யார், யாருக்கு வைத்தது என்பது எங்களுக்குத் தூரத்து விஷயமல்ல.

கொலை வழக்குகளை நான் வாசிப்பது வீட்டில் யாருக்கும் பிடிப்பதில்லை. “நாள் முழுக்க ஆசுபத்திரியில் பார்ப்பது போதாதா?” என்பார் உம்மா. ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன். 1951 ஒக்டோபரில் பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டின் கார்க் கொட்டகையில் ஒரு பெண் இறந்து கிடந்தார். கணவர் இலங்கையின் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் சதாசிவம். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். வீட்டு வேலையாள் அரச தரப்புச் சாட்சியானான். எல்லாம் ஒரே கேள்வியில் தொங்கியது: உயிர் எத்தனை மணிக்குப் போனது? கணவர் வீட்டை விட்டுப் புறப்பட முன்பா, பின்பா? கொழும்பின் சட்ட வைத்தியப் பேராசிரியர் டி சேரம் ஒரு பக்கம். எடின்பரோவிலிருந்து வந்த சேர் சிட்னி ஸ்மித் மறுபக்கம். உடல் மணிக்கு ஒன்றரைப் பாகை பரனைட் குளிரும் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. நமது வெயிலில், அறையின் சூடு உடம்பின் சூட்டுக்கு அருகில் இருக்கும்போது, உடல் மெதுவாகத்தான் குளிரும். ஒன்றிரண்டு பாகை வித்தியாசத்தில் ஒரு மனிதரின் கழுத்து இருந்தது. 1953இல் ஜூரிமார் அவரை நிரபராதி என்றனர். பிறகு 1955இல் டி சேரமும் துணையாளர்களும், தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல் வெப்பத்தை அளந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சாவு நேரம் நிமிடத்துக்குத் தெரிந்த உடல்கள் வேறெங்கே கிடைக்கும்? வாசிக்கக் கூசும் ஆய்வு. ஆனால் நம் நாட்டு வெப்பத்துக்கு நாமே எடுத்த அளவு அது.

அந்த வழக்கு இன்றும் கணவரின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. இறந்தவரைப் பற்றி, நாலு பெண்பிள்ளைகளின் தாய் என்பதற்கு மேல் அநேகருக்கு ஒன்றும் தெரியாது. கொலைக்கதை வாசிக்கும்போது நான் இதைக் கவனிப்பேன். கிளினிக்கிலும் அப்படித்தான். மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று மாப்பிள்ளை சொல்வார். அவர் வாய் திறக்க மாட்டார். காயம் வேறு கதை சொல்லும். திரையை இழுத்துவிட்டு மாப்பிள்ளையை வெளியே இருக்கச் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவ பீடமும் எனக்குச் சொல்லித் தந்தது, இந்தப் புத்தகங்களும் சொல்லித் தந்தன.

புதிய மதங்களுக்கு வருகிறேன். எல்லாமே கெடுதி என்று சொல்ல மாட்டேன். 1880இல் காலியில் வந்திறங்கிய கேணல் ஒல்கொட், பிரம்மஞான சபையை உருவாக்கியவர்களில் ஒருவர். அதற்கு முன் ஆபிரகாம் லிங்கன் கொலையை விசாரித்தவர்களிலும் ஒருவர் என்றால் நம்புவீர்களா? அந்த இயக்கத்தால் இந்த நாட்டில் பாடசாலைகள் உண்டாயின, பெண்கள் கல்லூரியும் உண்டானது. ஆனால் நான் தேடித் தேடி வாசித்தது மற்ற வகையைத்தான். 1978 நவம்பர் 18இல் கயானாவின் காட்டுக்குள், ஜோன்ஸ்டவுனில், தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் நஞ்சருந்தி இறந்தனர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள். நஞ்சைத் தயாரித்தவர் ஒரு வைத்தியர். அவரை வைத்தியம் படிக்க வைத்ததே அந்தச் சபைதான். 1995 மார்ச் 20இல் டோக்கியோவின் நிலக்கீழ் ரயில்களில் ஓம் ஷின்ரிக்கியோ கும்பல் சரின் நச்சுவாயுவை விட்டது. பை குத்தியவர்களில் ஒருவர் இக்குவோ ஹயாஷி, இருதய சத்திர சிகிச்சை நிபுணர். அவருடைய பையால் இரண்டு புகையிரத ஊழியர்கள் இறந்தார்கள். படித்தவனுக்கு இப்படி நடக்காது என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்வோமே, அந்த ஆறுதலை இந்தப் புத்தகங்கள் என்னிடமிருந்து எடுத்துவிட்டன. அந்த வைத்தியர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்திருப்பார்கள். ஆனால் அவர்களுக்கு மிஞ்சியது ஒரே குரல். ஜோன்ஸ்டவுனில் உலகச் செய்தியையும் ஜோன்ஸே ஒலிபெருக்கியில் சொன்னான். இரவிலும் அவன் குரல்தான். வேறு பத்திரிகை இல்லை, வேறு அலுமாரி இல்லை.

இதை இந்த மண்டபத்தில் ஏன் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். 2019 ஏப்ரல் 26 இரவு. சாய்ந்தமருதில், சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பில், ஒரு வீட்டுக்குள் குண்டு வெடித்தது. உள்ளே இறந்தவர்களில் ஆறு பேர் பிள்ளைகள். அவர்களைச் சந்தேகித்துத் தகவல் கொடுத்தவர்கள் நம் ஊர் மக்கள். அதை அதிகம் பேர் எழுதவில்லை. அந்த வெடிச் சத்தம் எங்கள் வீட்டு யன்னலில் கேட்டது. அடுத்த சில கிழமைகளில் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். அறபு எழுத்துள்ள எதுவும் ஆபத்து என்று ஆனது. ஹசலக்கவில் உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மசக்கரம் என்று சொல்லி ஒரு பெண்ணைக் கைது செய்தார்கள். மறு ஆண்டு, ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதை நூலை எழுதியதற்காக மன்னார்ப் பக்கத்து இளைஞர் அஹ்னாப் ஜஸீம் உள்ளே போனார். நீதிமன்றம் அவரை விடுவித்தது 2023 டிசெம்பரில்.

அப்போது நம் வீடுகளில் புத்தகம் எரிந்தது. பக்கத்து வளவில் உரப் பையில் கட்டிப் புதைத்தார்கள். தப்ஸீரோடு சேர்ந்து கவிதையும் போனது, சட்டப் புத்தகமும் போனது, ஒரு வீட்டில் பிள்ளையின் ஜப்பானிய மொழி அகராதியும் போனது. பயத்தில் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பேச்சு வந்து நிலைத்துவிட்டது: “பிள்ளை பாடப் புத்தகத்தை மட்டும் பார்க்கட்டும், தேவையில்லாத வாசிப்பு வேண்டாம்.” இதை உம்மாமாரும் சொல்கிறார்கள், சில ஆசிரியைகளும் சொல்கிறார்கள். எனக்குப் பயம் தருவது இந்தப் பேச்சுத்தான். ஒரே அலுமாரியோடு வளர்ந்த பிள்ளைக்கு, ஒரே குரலோடு ஒருவன் வந்து நிற்கும்போது அது புதிதாகத் தெரியாது.

நமக்குப் பக்கத்தூர் காரைதீவில் பிறந்தவர் விபுலானந்த அடிகள். லண்டன் விஞ்ஞானப் பட்டதாரி, தமிழ்ப் பண்டிதர், துறவி. 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ ஒலியியலையும் சிலப்பதிகாரத்தையும் ஒரே மேசையில் வைத்து எழுதியது. தேவையில்லாத வாசிப்பு என்று அவருக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்த நூல் நமக்கு இல்லை.

கடைசியாக ஒரு வேலை. உயர்தர வகுப்புகளின் வாசிகசாலைப் பாடவேளை, பரீட்சைக்கான மேலதிக வகுப்புக்காக எடுக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்தேன். கிழமைக்கு ஒரு பாடவேளையையாவது திருப்பித் தருமாறு அதிபர் அவர்களைச் சங்கத்தின் பெயரால் கேட்கிறேன். கூட்டக் குறிப்பில் இது பதிவாகட்டும். கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் சேர்த்த நாற்பத்தாறு புத்தகங்கள் மேடைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகளில் இருக்கின்றன. நான் சொன்ன நாலு வகையும் உண்டு, சமையலும் உண்டு. தோஹாவிலும் டொரொன்டோவிலும் இருக்கிற ராத்தாமார் வருடத்துக்கு இரண்டு புத்தகம் அனுப்பினால் போதும். பாடத்திட்டத்தில் இல்லாததாகப் பார்த்து அனுப்புங்கள். தங்கச்சிமாரே, தேநீர் இடைவேளையில் பெட்டியைத் திறக்கிறேன். பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். கொலைப் புத்தகம் மூன்றுதான் இருக்கிறது, முந்திக்கொள்ளுங்கள்.